எழுபது சென்டிமீட்டர் தூரத்து ஒலி

கணினி மேசைமுன் அமர்ந்திருப்பவரின் காதுக்கும், திரைக்கு இருபுறமும் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 60 முதல் 80 சென்டிமீட்டர். கூடத்தில் சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அது இரண்டரை, மூன்று மீட்டர். எத்தனை வாட் போதும், எத்தனை அங்குல வூஃபர் வேண்டும், எங்கே வைப்பது, எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மேசை ஸ்பீக்கரைப் பற்றி எழும் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. கடை அட்டைகளில் மட்டும் இந்தத் தூரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியளவு 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்கின்படி, மூன்று மீட்டரில் கேட்பதைவிட எழுபது சென்டிமீட்டரில் கேட்கும்போது 12 டெசிபலுக்கும் சற்று அதிகமான ஒலி காதுக்கு வந்து சேர்கிறது. மின்திறனாகச் சொன்னால் ஏறத்தாழ 18 மடங்கு. வீட்டு அறையில் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியும் சேர்வதால் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது, ஆனாலும் கணிசமானதுதான். இன்னொரு நன்மையும் உண்டு. அருகில் இருப்பவருக்கு ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியே மேலோங்கிக் கேட்கிறது. அறையின் எதிரொலி பின்தங்கிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் கலவைப் பொறியாளர்கள் சிறு மானிட்டர்களை மிக்ஸர் பலகையின் விளிம்பிலேயே வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

சிறு ஸ்பீக்கர்களின் எல்லை எது என்பதை 1960களின் தொடக்கத்திலேயே ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கே.எல்.ஹெச். என்ற நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன்தான் அவர். நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஹெச்’ அவருடையது. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஒலியியலார் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை மீறிய ஸ்பீக்கர் வரவில்லை. மேசை ஸ்பீக்கர் செய்வோர் விட்டுக்கொடுப்பது மூன்றாவதை. காது பக்கத்தில் இருப்பதால் உரத்த ஒலி தேவையில்லை. ஆம்ப்ளிஃபையர் மலிவாகிவிட்டதால் மின்சாரத்தை வீணடிப்பதும் பெரிய செலவில்லை. ஆகவே அந்த விதி மிகக் குறைவாக உறுத்தும் இடம் மேசைதான்.

குறைவாக உறுத்தும் என்பதற்கு அறவே உறுத்தாது என்று பொருளல்ல. பாஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. ஒரே ஒலியளவில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கவேண்டுமானால் வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசையவேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 50 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். மூன்றங்குல வூஃபரைவிட ஐந்தங்குல வூஃபருக்குப் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த அளவுக்கு அசைவு குறைந்தால் போதும். ஆகவே மூன்றங்குல வூஃபர் 65 அல்லது 80 ஹெர்ட்ஸுக்கு அருகிலும், ஐந்தங்குல வூஃபர் 50 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் மூச்சு வாங்கத் தொடங்குகின்றன. மிகச் சிறிய ஸ்பீக்கர்கள் சிலவற்றில் உள்ள மின்னணுச் சில்லு, ஒலியளவு குறைவாக இருக்கும்போது பாஸைத் தூக்கிக் கொடுக்கும். ஒலியைக் கூட்டக் கூட்டக் கூம்பைக் காப்பாற்றுவதற்காக அதைச் சத்தமின்றிக் குறைத்துவிடும். கடையில் மெல்லிய ஒலியில் கேட்டபோது நிறைவாக இருந்த ஸ்பீக்கர், வீட்டில் கூட்டி வைத்ததும் மெலிந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு ஆழம் தேவை என்பது கேட்கும் இசையைப் பொறுத்தது. ஆண் பேச்சுக் குரலின் அடிச்சுருதி 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரிதாகவே போகும். பாஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கான தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியின் அடிச்சுருதி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். மூன்றங்குல ஸ்பீக்கர் அந்த 65 ஹெர்ட்ஸை அரைகுறையாகத்தான் எழுப்பும். ஆயினும் தம்புரா தம்புராவாகவே கேட்கிறது. அந்தத் தந்தியின் ஒலியில் பெரும்பங்கு மேலே அடுக்கடுக்காக எழும் துணைச்சுருதிகளே. அவற்றைக் கொண்டு காது அடிச்சுருதியைத் தானே ஊகித்துக்கொள்கிறது. கச்சேரி, பேச்சு, பழைய திரைப்பாடல் ஆகியவற்றோடு நிறைவடைகிறவருக்கு நான்கங்குல வூஃபரே தாராளம். இன்றைய திரையிசையில் 30, 40 ஹெர்ட்ஸில் உறுமும் எலெக்ட்ரானிக் பாஸை விரும்புபவருக்கு எந்த மேசை ஸ்பீக்கரும் தனியே போதாது.

இனி பெட்டிக்குள் இருப்பவை. பவர்டு ஸ்பீக்கர் என்று விற்கப்படுபவற்றில் உள்ளமைப்பு இரு வகை. ஒன்றில் ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கும். அதிலிருந்து இரட்டைக் கம்பி ஒன்று மற்றப் பெட்டிக்குப் போகும். பெருக்கப்பட்ட ஒலியைச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட கிராஸ்ஓவர் இரண்டாகப் பிரித்து, தாழ்ந்ததை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் அனுப்பும். எடிஃபையர் ஆர்1280டி, ஆடியோஎஞ்சின் ஏ2+ ஆகியவை இவ்வகை. மற்றதில் பிரிப்பது முதலில், பெருக்குவது பிறகு. வூஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் என்று ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு இருக்கும். இவற்றை ஆக்டிவ் மானிட்டர் என்பார்கள். ஜே.பி.எல். 305பி, யமஹா ஹெச்.எஸ்.5, ஜெனலெக் 8010 ஆகியவை இந்த வகை.

இரண்டாம் முறையின் வலிமை, ஒவ்வொரு அங்கத்தின் குறையையும் பெருக்குவதற்கு முன்பே திருத்திவிடலாம் என்பதுதான். ஹியூலெட் பேக்கார்டு பொறியாளரான சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற சக பொறியாளரோடு சேர்ந்து உருவாக்கி 1976இல் கட்டுரையாக வெளியிட்ட கிராஸ்ஓவர் முறை இன்றும் மானிட்டர்களில் பரவலாகப் பயன்படுகிறது. பின்லாந்தின் ஈசால்மி என்ற சிற்றூரில் 1978இல் தொடங்கப்பட்ட ஜெனலெக் அந்நாட்டு வானொலிக்காக ஆக்டிவ் மானிட்டர் செய்யத்தான் பிறந்தது. ஒரே விலையில் இரண்டு வகையும் எதிரெதிரே நின்றால், ஒலிக்காக மட்டும் வாங்குபவர் ஆக்டிவ் வகையைத் தேர்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்குச் சில தொல்லைகளும் கூடவே வரும். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி மின்செருகி வேண்டும். ஒலியளவுக் குமிழ் பல மாடல்களில் ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தனித்தனியாக இருக்கும். புளூடூத் பெரும்பாலும் இராது. ஒரே குமிழைத் திருகி முடிக்க விரும்பும் வீட்டுக்கு முதல் வகையே இணக்கமானது. அதில் தாழ்வொன்றும் இல்லை.

வாட் கணக்கில் நம்மூர்க் கடைகள் செய்யும் கூத்து தனி. உள்ளங்கையில் அடங்கும் பெட்டியின் அட்டையில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை அளப்பதற்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் கிடையாது. அச்சடிப்பவர் மனம்போல வளரும். பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் தொடர் திறன். யு.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர்களில் அட்டையைப் புரட்டவே வேண்டாம், பெருக்கிப் பார்த்தால் போதும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். யு.எஸ்.பி. 3.0 துளை தருவது 4.5 வாட். உள்ளே போவதைவிட அதிகமாக எதுவும் தொடர்ந்து வெளியே வராது. கிரியேட்டிவ் பெபிள் தன் திறனை 4.4 வாட் என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்கிறது.

உண்மையில் எவ்வளவு தேவை? ஒரு சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் எழுப்பும் என்று கொள்ளலாம். எழுபது சென்டிமீட்டரில் அது 88. மேசையில் சற்று உரக்கக் கேட்பவரின் சராசரி அளவு 75 டெசிபல். அதற்கு ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கே போதும். இசையில் திடீரென எழும் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் உயரலாம். அது நூறு மடங்கு, அதாவது ஐந்து வாட். மிகச் சிறிய பெட்டிகள் இன்னும் அதிகமாக மின்சாரம் விழுங்கும் என்பதால் பெட்டிக்கு 15 முதல் 25 வாட் உண்மையான திறன் இருந்தால் கவலையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் வரையறை வயது வந்தோருக்கு வாரம் 40 மணிநேரம் 80 டெசிபல். நாள் முழுவதும் மேசையில் இருப்பவர் அதற்குக் கீழேயே இருப்பது நல்லது. ஆகவே 50 வாட், 100 வாட் என்ற போட்டியில் மேசைக்காரருக்கு வேலையில்லை.

வாட்டுக்கு அடுத்தபடியாக ஏமாற்றுவது அதிர்வெண் வீச்சு. ஜே.பி.எல். 305பி 43 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறது. அந்த 43 என்பது ஒலி 10 டெசிபல் தளர்ந்துபோன இடம். 3 டெசிபல் வரம்புக்குள் அது இறங்குவது 49 வரையில்தான். யமஹா ஹெச்.எஸ்.5 தரும் 54 ஹெர்ட்ஸும் 10 டெசிபல் தளர்ந்த இடமே. 3 டெசிபல் கணக்கில் அதன் எல்லை 74. இரு நிறுவனங்களும் இரண்டு எண்களையும் விவரக் குறிப்பில் வெளியிட்டுவிடுகின்றன, அது பாராட்டத்தக்கது. எத்தனை டெசிபல் வரம்பில் என்று சொல்லாமல் வீச்சை மட்டும் சொல்லும் அட்டையை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

நல்ல ஸ்பீக்கர் என்று காது எதைச் சொல்கிறது என்பதை அளந்து காட்டியவர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் அவர்கள் நடத்திய சோதனைகளில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது பெரும்பாலோர் ஒரே வகையை விரும்பினார்கள். நேர்முன்னே எல்லா அதிர்வெண்ணும் சமமாக வரவேண்டும். பக்கவாட்டில் போகும் ஒலியும் மேடுபள்ளமில்லாமல் சீராகத் தேயவேண்டும். விலையும் தோற்றமும் மறைந்தவுடன் விருப்பங்கள் இப்படி ஒன்றுபட்டன. இதன் அடிப்படையில் வந்த சி.டி.ஏ. 2034 அளவைமுறை, ஸ்பீக்கரைக் கிடையாகவும் நெடுக்காகவும் பத்துப் பாகைக்கு ஒருமுறை திருப்பி 70 இடங்களில் அளக்கிறது. ஒரு மாடலுக்கு இந்த வரைபடம் கிடைக்குமானால், அது விமர்சகர்கள் சொல்லும் அடைமொழிகளைவிடப் பயனுள்ளது. ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம்போல் உள்ள வேவ்கைடு பக்கவாட்டு ஒலியைச் சீராக்கவே வைக்கப்படுகிறது. 305பியில் அது கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகவே இருக்கும்.

ஸ்டூடியோவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக ஒன்றை வாங்குவதும் சரியன்று. வெள்ளைக் கூம்பு கொண்ட யமஹா என்.எஸ்.10எம் 1978இல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் வந்தது. பின்னர் உலகெங்கும் கலவைக் கூடங்களில் இடம்பிடித்தது. அதன் ட்வீட்டரின் கூச்சலை அடக்கக் கழிப்பறைத் தாளைத் தொங்கவிட்டு வேலை பார்த்த பொறியாளர்கள் உண்டு. பதிவிலுள்ள குறைகளை அது இரக்கமின்றிக் காட்டியது. அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பாட்டுக் கேட்டு மகிழ நினைப்பவருக்கு அது தண்டனை.

இனி எங்கே வைப்பது என்ற கேள்வி. பணம் செலவில்லாமல் மிகுதியாகப் பலன் கிடைக்கும் இடம் இதுவே. மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். மேசைப் பரப்பு ஒலியைத் திருப்பியடிக்கும் ஒரு பலகை. ஸ்பீக்கரின் கூம்பு மேசையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்திலும், காது 40 சென்டிமீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே கிடைத்தூரம் 70 சென்டிமீட்டராகவும் இருப்பதாகக் கொண்டால், நேராக வரும் ஒலி கடக்கும் தூரம் 74 சென்டிமீட்டர். மேசையில் பட்டு வரும் ஒலி கடப்பது 89. இந்த 15 சென்டிமீட்டர் வேறுபாட்டால் 1,170 ஹெர்ட்ஸுக்கு அருகில் இரண்டு ஒலிகளும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடக்குகின்றன. பேச்சின் தெளிவு குடியிருக்கும் பகுதி அது. பாடகரின் குரல் பெட்டிக்குள் அடைபட்டதுபோல் கேட்பதற்குப் பல மேசைகளில் இதுவே காரணம்.

ஸ்பீக்கரைத் தாங்கியில் ஏற்றிக் காது உயரத்துக்குக் கொண்டுவந்தால் கணக்கு மாறுகிறது. நேர்ப்பாதை 70, மேசைவழிப் பாதை 106. பள்ளம் 470 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். சுற்றிவரும் ஒலி கூடுதல் தூரம் கடப்பதாலும், ஸ்பீக்கரின் நேர்முகத்திலிருந்து அதிகம் விலகிய கோணத்தில் புறப்படுவதாலும் அது பலவீனமாகவே வந்துசேரும். பள்ளம் ஆழம் குறைந்ததாகிறது. தாங்கிக்கு இடமில்லையென்றால் ஸ்பீக்கரை மேல்நோக்கிச் சாய்த்தாவது வைக்கவேண்டும். பெபிள் போன்றவற்றில் ட்ரைவர் 45 பாகை நிமிர்ந்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. மேசை விளிம்புக்கு இழுத்து வைத்தால் ஒலி பட்டுத் திரும்பும் பரப்பு சுருங்கும், அதுவும் உதவி.

சுவர் செய்யும் வேலை வேறு. பாஸ் எல்லாத் திசையிலும் பரவும். பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஸ்பீக்கரின் முகத்துக்கும் சுவருக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால் 143 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு பள்ளம் விழும். சுவரை ஒட்டி வைத்தால் பள்ளம் மேலே நகர்ந்து மங்கும். ஆனால் பாஸ் தேவைக்கு மேல் பருத்துவிடும். பல மாடல்களின் முதுகில் பாஸை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும் சுவிட்சு இருப்பது இதற்காகத்தான். ஐலவுட் மைக்ரோ மானிட்டரில் மேசைக்கென்றே தனிச் சுவிட்சு உண்டு. மேசை சுவரையொட்டிப் போடப்பட்டிருக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒட்டி வைத்துச் சுவிட்சால் திருத்துவதே நடைமுறைக்கு உகந்தது. காற்றுத்துளை பின்புறம் இருந்தால் சில சென்டிமீட்டராவது விடவேண்டும். துளை முன்புறம் உள்ள மாடல் இத்தகைய இடத்தில் வசதி. இரண்டு ஸ்பீக்கர்களும் தலையும் சமபக்க முக்கோணமாக அமையவேண்டும், ட்வீட்டர்கள் காதை நோக்கித் திரும்பியிருக்கவேண்டும் என்பவை அனைவருக்கும் தெரிந்தவை. திரையின் விளிம்பு ட்வீட்டரை மறைக்கக்கூடாது என்பது அடிக்கடி மறக்கப்படுவது.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் கிர்ரென்ற இரைச்சல் எழுந்தால், அது பெரும்பாலும் எர்த் கம்பி வழியே உருவாகும் சுற்றின் வேலை, ஸ்பீக்கரின் பழுதல்ல. எக்ஸ்.எல்.ஆர்., டி.ஆர்.எஸ். ஆகிய சமநிலை இணைப்புகள் இதைத் தவிர்க்கும். யு.எஸ்.பி. வழி இயங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால் அந்த இணைப்பும், கைக்கெட்டும் ஒலியளவுக் குமிழும் சேர்ந்தே கிடைக்கும். பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து வரும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி மூன்று மீட்டரில் தெரியாது. எழுபது சென்டிமீட்டரில், இரவு அமைதியில், தெரியும். 305பி குறித்து அடிக்கடி சொல்லப்படும் குறை இதுவே. புளூடூத் ஒலியைச் சற்றே தாமதப்படுத்துகிறது. படம் பார்க்கும் செயலிகள் அதை ஈடுசெய்துவிடும். விளையாட்டுக்கும் கீபோர்டு வாசிப்புக்கும் கம்பியே தேவை. தானாக உறங்கும் வசதியை அணைக்க முடிகிறதா என்பதும் பார்க்கத்தக்கது: மெல்லிய ஒலியில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சில மாடல்கள் உறங்கிப்போகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் ஸ்பீக்கராக இருந்தால், முதுகில் 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கிறதா, 100 முதல் 240 வரை என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்மூர்ச் செருகியில் இணைக்கவேண்டும்.

இவ்வளவையும் கொண்டு கடைக்குப் போகிறவருக்குத் தேர்வு எளிதாகும். மடிக்கணினியின் சொந்த ஒலியைவிட மேலானது போதும் என்பவருக்கு யு.எஸ்.பி. ஸ்பீக்கர். வேலைக்கு நடுவே பாட்டும் இடையிடையே படமும் என்பவருக்கு நான்கங்குல வூஃபர் கொண்ட எடிஃபையர் வகை. இடம் மிகக் குறைவு, ஒலி துல்லியமாக இருக்கவேண்டும், விலை கூடினாலும் சரி என்பவருக்கு ஐலவுட் மைக்ரோ அல்லது அதைவிடப் பெருஞ்செலவில், அலுமினியப் பெட்டிக்குள் மூன்றங்குல வூஃபரும் ஒவ்வொரு ட்ரைவருக்கும் 25 வாட்டும் கொண்ட ஜெனலெக் 8010. ஆழமான மேசையும் சற்றுப் பெரிய அறையும் இருப்பவருக்கு ஐந்தங்குல மானிட்டர். அறுபது சென்டிமீட்டர் ஆழமுள்ள சிறு மேசையில் எட்டங்குல மானிட்டரை ஏற்றுவது வீண்செலவு. அத்தனை அருகில் அதன் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகவே கேட்கும்.

இரண்டு மாடல்களை ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமமாக்கிவிடுவது முதல் வேலை. ஒரு டெசிபல் உரத்து ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறகு நன்கு பழகிய ஆண் குரல் பேச்சு ஒன்றைக் கேட்கவேண்டும். மூக்கடைத்தது போலவோ நெஞ்சுக்குள் முழங்குவது போலவோ இருந்தால் மற்ற எதைக் கேட்டும் பயனில்லை. மூன்றாவதாக, இருபுறமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்று: பழைய கிராமஃபோன் காலத்துப் பாட்டு எதுவும் ஆகும். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே ஒரு புள்ளியில் நிற்கவேண்டும். அகன்று பரவினாலோ ஒருபுறம் சாய்ந்தாலோ இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போகவில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை.

பாஸ் போதவில்லை என்ற குறை இவற்றுக்குப் பிறகும் எஞ்சினால் அடுத்த படி சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் சிறு ஸ்பீக்கரின் கூம்புக்கு வேலை பெரிதும் குறைந்து, நடுப்பகுதி ஒலியும் தெளியும். இதற்குச் சப்வூஃபரில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையும் வடிகட்டும் வசதி இருக்கவேண்டும். அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களின் திசையைக் காது கண்டுபிடிக்காது என்பதால் பெட்டியை மேசைக்கடியில் வைக்கலாம். அடுக்குமாடி வீடுகளில் தரை வழியாக முதலில் கீழ்வீட்டுக்குப் போய்ச்சேருவதும் அதே அதிர்வெண்கள்தான். அங்கே மூன்றங்குல, நான்கங்குல ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்வதே சரி.